காகிதத்திலிருந்து கிண்டிலுக்கு மாறியவர்களின் அனுபவங்கள்

பக்கம்தேடி

மின்நூல் படிக்கும் கருவியான கிண்டிலில் படித்து முடித்த ஒரு நாவலைப் பற்றி நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதில் தாயும் மகளும் வீட்டுப் பத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருக்கும் காட்சியை அவருக்கு வாசித்துக் காட்ட விரும்பினேன். அச்சு நூலாக இருந்தால், முக்கால் பாகம் கடந்த இடத்தில், இடப்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் என்று விரல் தானாகவே அங்கே போய் நின்றிருக்கும். கருவியில் ‘பத்திரம்’ என்று தேடினேன். வந்த இடங்கள் எதிலும் அந்தக் காட்சி இல்லை. ‘மௌனம்’ என்று தேடினேன். அந்தச் சொல்லை ஆசிரியர் அங்கே எழுதவே இல்லை போலும். திரைகளைத் தள்ளிக்கொண்டே போனேன். நண்பர் பொறுமையாகக் காத்திருந்தார்; பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அந்தக் காட்சியின் ஒவ்வோர் அசைவும் எனக்கு நினைவிருக்கிறது; நூலின் எந்த இடத்தில் அது வருகிறது என்பது மட்டும் நினைவில் இல்லை. எழுத்தின் அளவை ஒரு படி கூட்டினால், நேற்றுத் திரையின் நடுவில் இருந்த பத்தி இன்று அடுத்த திரைக்கு நகர்ந்துவிடுகிறது. வலப்பக்கம் இடப்பக்கம் என்ற வேறுபாடும் இல்லை. படிக்கப் படிக்க வலக்கையில் மெலிந்துகொண்டே வரும் தாள்களின் கனமும் இல்லை. சுமையும் அலமாரி இடமும் மிச்சமாகும் என்பதற்காக மாறினேன். அந்த வகையில் இன்றும் மனநிறைவுதான். ஆனால் படித்த நூலுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்கும் இந்த உணர்வு வேறு எவருக்கேனும் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

நூலடுக்கு

எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு வரலாற்று நூலின் நடுவில், உடன்படிக்கை போருக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று குழம்பி, முந்தைய இயல் முழுவதையும் மறுபடி படித்தேன். ஆயினும் இதைக் கருவியின் குறை என்று முதல் பதிவு உணர்த்துவதை நான் ஏற்கவில்லை. நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் ஆன் மாங்கன் தம் குழுவினருடன் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 28 பக்கம் கொண்ட ஒரு கதையை 50 பேரில் பாதிப் பேர் அச்சிலும் மீதிப் பேர் கிண்டிலிலும் படித்தனர். புரிதலை அளந்த பெரும்பாலான சோதனைகளில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தனர். நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தன என்பது போன்ற கேள்விகளில்தான் அச்சில் படித்தவர்கள் முந்தினர். அப்படியென்றால் நாம் இழப்பது கதையை அன்று, அதன் வரிசையை மட்டுமே; வரிசையைப் பழக்கத்தால் மீட்டுக்கொள்ளலாம்.

முதலாவதாக, ஒரு நூலைத் தொடங்கும்போது தேர்ந்தெடுத்த எழுத்தளவை முடிக்கும்வரை மாற்றாதீர்கள். திரையின் அடியில் சதவீதத்தையோ ‘லொகேஷன்’ எனப்படும் கிண்டிலின் சொந்த இட எண்ணையோ காட்டுவதற்குப் பதிலாக, அச்சுப் பதிப்பின் பக்க எண் அந்த நூலில் இருக்குமானால் அதையே காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கிண்டிலில் 2011 முதல் அந்த வசதி உண்டு, ஆனால் பதிப்பாளர் அதைச் சேர்த்திருக்க வேண்டும். படிக்கத் தொடங்கும் முன் பொருளடக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்; ஒவ்வோர் இயலின் முடிவிலும் அந்த இயலில் நடந்ததை உங்கள் சொற்களில் ஒரு வரியாகக் குறித்துவையுங்கள். பின்னர் அந்தக் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் பார்த்தால் நூலின் வரைபடமே கையில் இருக்கும். தமிழில் தேடும்போது ‘பத்திரம்’ என்று முழுச் சொல்லை இடாமல் ‘பத்திர’ என்று பகுதியை மட்டும் இட்டுப் பாருங்கள். நூலில் அந்தச் சொல் ‘பத்திரத்தை’ என்றும் ‘பத்திரத்தில்’ என்றும் உருபேற்றுத்தான் பெரும்பாலும் வரும், முழுச் சொல்லைத் தேடினால் அவை அகப்படா. சொல்லின் ஒரு பகுதியை ஏற்காத கருவியாக இருந்தால், அதே நூலைக் கணினியில் திறந்து தேடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுக்கையில் கருவியை வைத்துப் படிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஆய்வே இருக்கிறது.

மெல்லொளி

என் அப்பா தமிழாசிரியராக இருந்தவர். விழித்திரையின் மையப்பகுதி சிதைந்துகொண்டே வந்ததால், படிப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். உருப்பெருக்கியைப் பிடித்தால் கை நடுங்கும், வரி தவறும். எங்களைப் படித்துக் காட்டச் சொல்வதற்கு அவருக்கு மனம் வரவில்லை. என்னுடைய கருவியை அவரிடம் கொடுத்து, எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவும் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு வரிக்கு இரண்டு சொற்களே கொண்டன; நீண்ட சொற்கள் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போயின. எனக்கே அது அலங்கோலமாகத் தெரிந்ததால், அவர் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரையைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நின்று, முந்தைய திரைக்குத் திரும்பி, “இங்கே ஒற்று வரக்கூடாது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, இவ்வளவு பெரிய பதிப்பகத்துக்கு அது தெரியாதா?” என்று கோபமாகக் கேட்டார்.

அவர் அப்படிக் கோபப்பட்டு நான் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்தளவை மாற்றக் கூடாது என்று இங்கே சொல்லப்பட்ட ஆலோசனையைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. காலையில் ஒரு அளவு, கண் சோர்ந்த மாலையில் வேறொரு அளவு என்று மாற்றிக்கொள்ள முடிவதால்தான் அவர் இன்று படிக்கிறார். பக்கத்தில் இடம் மாறிப்போவது அவருக்கு ஒரு பொருட்டே அன்று.

பக்கம்தேடி

நூலடுக்கு அவர்களுக்கு நன்றி. உருபேற்ற சொற்களைப் பற்றிய குறிப்பு பயனுள்ளது. ஆனால் இயல்தோறும் ஒரு வரி எழுதுவது தேர்வுக்குப் படிப்பவருக்குப் பொருந்தும். நாவலுக்குள் மூழ்கியிருப்பவரால் அதைச் செய்ய இயலாது, செய்தால் நாவல் கெட்டுவிடும். நீங்கள் சொல்லும் ஆய்வும் என் பக்கமே நிற்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கதையில் எது முன்னால் எது பின்னால் என்பது கதையிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய சிறிய பகுதி அன்று.

இரவுவாசி

தூக்கத்தைப் பற்றிய அந்த ஆய்வு எல்லா விவாதங்களிலும் தவறாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. 2014ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த அதில் 12 பேர் பங்கேற்றனர். அவர்கள் படித்தது திரையின் வெளிச்சத்தை முழுவதுமாகக் கூட்டிவைத்த ஐபேடில், அதுவும் மங்கிய அறையில், படுக்கைக்கு முன் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கிண்டிலில் உள்ள மின்மைத் திரை (இ-இங்க்) அத்தகையது அன்று. அதில் கறுப்பும் வெள்ளையுமான நிறமித் துகள்கள் நுண்ணிய குமிழ்களுக்குள் மின்புலத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்துகளாகத் தெரிகின்றன. திரை தானாக ஒளிர்வதில்லை. முன்விளக்குள்ள கருவிகளில்கூட ஓரத்தில் பதித்த சிறு விளக்குகளின் ஒளி திரைமீது பரவி, காகிதத்தில் படுவதைப் போலவே பட்டுத் திரும்புகிறது. அந்த ஒளியை மிகக் குறைத்துவைக்கலாம், அறை விளக்கை எரியவைத்துக்கொண்டு அதை முற்றிலும் அணைத்தும்விடலாம். ஐபேடில் கண்டதை அப்படியே மின்மைக்கு ஏற்றிச் சொல்வது முறையன்று.

என் அனுபவம் சிறியது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தோளில் கிடந்தால்தான் உறங்குவாள். ஒரு கை முழுவதும் அவளுக்கே போய்விடும். மற்றக் கையின் கட்டைவிரலால் மட்டுமே பக்கம் திருப்ப முடியும். பழைய எழுத்தின் நிழலைத் துடைக்கத் திரை அவ்வப்போது ஒருமுறை கறுத்து வெளுக்கும் அல்லவா? இருட்டில் அந்த மாற்றத்திற்கு அவள் விழித்துவிடுவாளோ என்று ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்திருப்பேன். தடித்த அச்சு நூல் எதையும் அந்த மாதங்களில் நான் திறந்திருக்க முடியாது.

அடிக்குறிப்பு

நீங்கள் அனைவரும் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் மனத்தை உறுத்துவது நூல் யாருடையது என்பதுதான். நான் நூல்கள் வாங்கிவந்த ஒரு மின்நூல் விற்பனைத் தளம் மூடப்பட்டது. பணம் திரும்ப வந்தது. ஒரு கவிதைத் தொகுப்பின் ஓரங்களில் நான் எழுதிவைத்திருந்த குறிப்புகளைத் தேடி அதைத் திறந்தபோது, அட்டைப்படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் நின்றது. அம்மா இறந்த ஆண்டில் எழுதிய குறிப்புகள் அவை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நூல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. ஒரு மாணவர் தம் குறிப்புகள் பயனற்றுப்போயின என்று வழக்குத் தொடுத்தார். நிறுவனமும் பின்னர் மன்னிப்புக் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது நூலின் விலையைத் திருப்பிக் கொடுத்ததோடு, அதில் குறிப்பெழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தது. குறிப்புக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டதற்காகவேனும் அதைப் பாராட்டலாம். ஆயினும் என் குறிப்புகளை அந்தத் தொகைக்கு நான் எவருக்கும் விற்றிருக்க மாட்டேன். நாம் வாங்குவது நூலை அன்று, படிக்கும் உரிமத்தை. மாறுவோர் எல்லாரும் இதை முதல் நாளே அறிந்துகொள்ள வேண்டும்.

கொம்புகால்

தமிழ் நூல்களைப் படிப்பவர்களுக்கு இதற்கெல்லாம் முந்தைய ஒரு தடை இருந்தது. என் முதல் கருவியில் நான் ஆசையுடன் ஏற்றிய தமிழ் நூலில் ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் அதற்குரிய எழுத்து வேறோரிடத்திலுமாக நின்றன. நடுநடுவே புள்ளிகளால் ஆன வட்டங்கள். வேறொரு நூல், யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அச்சுக்கோக்கப்பட்ட பிடிஎஃப். மாற்றிப் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாக வந்தது. ஸ்கேன் செய்த பக்கங்களோ வெறும் படங்கள் என்பதால், அவற்றில் எழுத்தைப் பெரிதாக்கும் பேச்சுக்கே இடமில்லை. மெல்லொளியின் அப்பாவுக்குக் கிடைத்தது ஒழுங்கான ஒருங்குறி நூல் என்பதை மறந்துவிடக் கூடாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் முகம் தெரியாத தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஒருங்குறிக் கோப்பு ஒன்று என் அடுத்த கருவியில் ஒரு கொம்பும் பிசகாமல் திறந்தபோது, நான் படிக்கத் தொடங்கவே சிறிது நேரம் ஆயிற்று, எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூலடுக்கு

அடிக்குறிப்பு அவர்களுக்கு ஒரு செய்தி. கிண்டில் கருவியில் நீங்கள் இடும் அடிக்கோடுகளும் குறிப்புகளும் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற எளிய உரைக் கோப்பிலும் சேர்கின்றன. கணினியுடன் இணைத்தால் டாக்குமென்ட்ஸ் உறைக்குள் அது இருக்கும், நகலெடுத்துக்கொண்டால் போதும். நூல் பின்னர் நீக்கப்பட்டாலும் அந்த நகல் உங்களிடமே இருக்கும். கருவியை மாற்றும்போது அந்தக் கோப்பு தானாகப் புதிய கருவிக்கு வராது, ஆகவே பழையதை எவருக்கேனும் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள். கைப்பேசிச் செயலியில் எழுதும் குறிப்புகள் அதில் சேர்வதில்லை. அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.