சிங்கப்பூர்ப் பயணம்: ஜொகூரில் தங்கினால் அறை வாடகை மிச்சமாகுமா?

மதுரைக்காரன்:
அரையாண்டு விடுமுறையில் மனைவி, இரு பிள்ளைகளுடன் (12 வயது, 8 வயது) ஐந்து இரவுகள் சிங்கப்பூர் சென்றுவர இருக்கிறோம். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அறை வாடகையைப் பார்த்தால்தான் மலைப்பாக இருக்கிறது. பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கி, நாள்தோறும் காலையில் வந்து இரவில் திரும்பினால் செலவு வெகுவாகக் குறையும் என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். பிள்ளைகளுடன் இது ஒத்துவருமா? இல்லையெனில் சிங்கப்பூருக்குள்ளேயே வாடகையைக் குறைக்க வழி உண்டா?

தேக்காவாசி:
ஐயா, அந்த யோசனை வேண்டாம். பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் கடக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும்போதெல்லாம் புதிதாக வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், மலேசியாவுக்கும் அதுபோலவே ஒன்று உண்டு. உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸுக்கும் ஜொகூருக்கும் இடையே ரயிலில் ஐந்தே நிமிடம் என்பது உண்மை. அந்தச் சீட்டு கிடைப்பதுதான் அரிது. போதாக்குறைக்கு டிசம்பர் இங்கே பள்ளி விடுமுறைக் காலம். ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் சிங்கப்பூர்க் குடும்பங்களே வார இறுதியில் அந்தப் பக்கம் திரண்டுவிடும். நள்ளிரவில் தூங்கி வழியும் எட்டு வயதுப் பிள்ளையோடு அந்த வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூருக்குள் தேடும்போது முதலில் கவனிக்க வேண்டியது, விலைக்குப் பக்கத்தில் உள்ள ‘++’ குறி. பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி என்பது அதன் பொருள். ஆகவே 100 வெள்ளி என்று காட்டும் அறைக்கு 119.90 வெள்ளி கட்ட வேண்டியிருக்கும். ஒரு தளத்தில் வரியோடும் இன்னொன்றில் வரியின்றியும் காட்டுவதால், கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

மரீனா பே பக்கம் பார்க்காமல் ஃபேரர் பார்க், ஜாலான் புசார், லாவண்டர் ஆகிய எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்களை ஒட்டித் தேடுங்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து எளிதில் வரலாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை உணவங்காடியும் தொலைவில்லை என்பதால் காலை உணவில்லாத கட்டணமே போதும். கேலாங்கில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி என்பதால் குடும்பத்தோடு வருபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கணக்கர்:
மேலே சொன்னதோடு ஒன்று. சில மலிவு விடுதிகளில் சன்னலே இல்லாத அறைகள் உண்டு. அறை விவரத்தில் சிறிய எழுத்தில்தான் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். பகல் முழுவதும் வெளியில் சுற்றுபவர்களுக்கு அது நல்ல பேரமே. மூச்சு முட்டும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

அட்டையில் பணம் செலுத்தும்போது ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் மறுத்துவிட்டு, வெள்ளியிலேயே கட்டுங்கள். ரூபாயில் அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

மதுரைக்காரன்:
மிக்க நன்றி. நால்வரும் ஒரே அறையில் தங்க முடியுமா? முடியாவிட்டால், முழு வீட்டையே சில நாள்களுக்கு வாடகைக்கு எடுப்பது மலிவாக இருக்குமே?

தேக்காவாசி:
வீட்டு யோசனையும் வேண்டாம். தனியார் குடியிருப்புகளை மூன்று மாதங்களுக்கும், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளை ஆறு மாதங்களுக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். யாரேனும் விளம்பரம் செய்தாலும் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.

மலிவு விடுதிகளில் பெரும்பாலான அறைகள் இருவருக்கானவை. தேடும்போதே பிள்ளைகளின் வயதைக் குறிப்பிடுங்கள். பன்னிரண்டு வயதானவரைப் பல விடுதிகள் பெரியவராகவே கணக்கிடும். நால்வருக்கான குடும்ப அறை கிடைத்தால் அதை முதலில் பதிவு செய்யுங்கள். இரண்டு சிறிய அறைகளைவிட அது மலிவா என்பதைப் பிறகு ஒப்பிட்டு, இலவசமாக ரத்துசெய்யும் வசதி இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கர்:
ஜொகூரை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிள்ளைகள் அங்குள்ள லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவைப் பார்க்க விரும்பினால், நடுவில் இரண்டு இரவுகளை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். போக ஒருமுறை, வர ஒருமுறை பாலத்தைக் கடந்தால் போதும். வெளிநாட்டவருக்கு அறையொன்றுக்கு இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். கிளம்பும் நாள் எதுவானாலும் வெள்ளிக்கிழமை மாலையாக மட்டும் இருக்க வேண்டாம்.

உங்கள் விமானம் சென்னையிலிருந்து நள்ளிரவு வாக்கில் புறப்படுவதா? அப்படியானால் காலையில்தான் வந்திறங்குவீர்கள். முந்தைய இரவுக்கு அறை தேவையில்லை. பெட்டிகளை விடுதி வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றலாம், பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குச் சாவி தருவார்கள்.