இடுப்பில் வைக்க எந்தப் பிஸ்டல்? அமெரிக்கத் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

ஆஸ்டின் அக்கா:

"இருப்பதிலேயே சின்னது எது?" முதல் பிஸ்டல் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கடையிலும் ரூகர் எல்சிபி போன்ற ஒரு .380-ஐ (9 எம்எம்மைவிட வலு குறைந்த தோட்டா சுடும் பிஸ்டல்) எடுத்து நீட்டுவார்கள். காலி எடை 10 அவுன்ஸுக்கும் குறைவு, பேன்ட் பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியாது. சுட்டுப் பார்த்தால்தான் சங்கதி புரியும். எடை குறையக் குறைய உதை கூடும். கைப்பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குறிபார்க்க ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பாகம்) மேல் ஒரு சின்ன மேடுதான் இருக்கும். 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டியை முடிப்பதற்குள் கை வலிக்கும், அப்புறம் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போகவே மனம் வராது. சின்ன பிஸ்டல் மறைப்பதற்கு எளிது, சுடுவதற்குக் கடினம். அது பழகியவர்களுக்கான ஆயுதம், புதியவர்களுக்கானது இல்லை.

2018-இல் சிக் சாவர் பி365 வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஒரு அங்குல அகலம், 3.1 அங்குல பேரல் (குழல்), 10+1 தோட்டா: மேகசின் எனும் தோட்டாப் பெட்டியில் பத்து, குழலின் பின்முனையான சேம்பரில் சுடத் தயாராக ஒன்று. அதற்கு முன் அந்த அளவில் கிளாக் 43 தந்தது 6+1. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் வந்தது, 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ். எல்லாமே 9 எம்எம், காலி எடை 18 முதல் 20 அவுன்ஸ். இந்த வட்டத்துக்குள் தேடுங்கள், இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்னொன்று. சட்டைக்கு மேல் புடைத்துக் காட்டிக்கொடுப்பது பேரல் என்று நினைக்கிறார்கள். பேரல் பேன்ட்டுக்குள் கீழ்நோக்கி இறங்கிவிடுகிறது. துருத்துவது கைப்பிடி. கிளாக் 43எக்ஸ், கிளாக் 48 இரண்டுக்கும் கைப்பிடி ஒன்றே, பேரல் மட்டும் 3.41 அங்குலம், 4.17 அங்குலம். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் மறையும். சொல்லப்போனால், முன் இடுப்பில் செருகும்போது நீள பேரல் கீழே உடம்பில் அழுந்தி, மேலே கைப்பிடியை உள்ளே தள்ளும். சற்றுப் பெரிய கிளாக் 19-ஐ மறைக்க முடியாமல் தவிப்பவர்கள் பார்க்க வேண்டியது கைப்பிடியின் நீளத்தை. பேரலைக் குறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ரேஞ்ச் மேஸ்திரி:

அக்கா சொன்னதோடு கடையில் செய்ய வேண்டிய சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் எதுவும். பின்பக்க வளைவில் உள்ளங்கை நன்றாக மேலே ஏறிப் பதியும்படி பிடியுங்கள். பிடியை மாற்றாமலே ஆள்காட்டி விரலின் முனைச் சதை ட்ரிகர் நடுவில் உட்கார வேண்டும். நுனி மட்டும் எட்டினால் குறி ஒரு பக்கம் இழுக்கும். அதே பிடியில் கட்டைவிரல் மேகசின் பொத்தானுக்கு எட்டுகிறதா பாருங்கள். பிறகு ஸ்லைடைப் பத்து முறை இழுங்கள். ஒரு முறை இழுப்பது யாருக்கும் முடியும், ஏழாவது முறையில்தான் உண்மை தெரியும்.

"என்னால் இழுக்க முடியவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விரலால் கிள்ளி இழுக்கிறார்கள். நான்கு விரலும் ஸ்லைடின் மேல் கவிழ்ந்து பிடிக்க வேண்டும், பிஸ்டலை நெஞ்சருகே கொண்டுவந்து, துப்பாக்கிக் கையை முன்னே தள்ள வேண்டும். குழல் மட்டும் எந்நேரமும் இலக்கை நோக்கியே. உடம்பைத் திருப்பும்போது பக்கத்து லேனில் நிற்பவரை நோக்கிப் போய்விடுவதுதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். முறை சரியாகியும் முடியாதென்றால் ஷீல்டு ஈஸி பாருங்கள். அதன் ஸ்பிரிங் மென்மையாகவே அமைக்கப்பட்டது, .380-இலும் 9 எம்எம்மிலும் கிடைக்கிறது.

இந்த இடத்தில் கடைக்காரர்கள் "அம்மாவுக்கு ரிவால்வர் கொடுங்கள்" என்பார்கள். இந்த அறிவுரைதான் எனக்கு ஆகவே ஆகாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற ஐந்து ரவுண்டு ரிவால்வருக்கு இழுக்க ஸ்லைடு இல்லை என்பது சரி. ஆனால் ட்ரிகரை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 12 பவுண்டு விசையோடு நீளமாக அழுத்த வேண்டும். சாதாரண ஸ்ட்ரைக்கர் பிஸ்டலுக்கு (தோட்டாவைத் தட்டும் ஊசிதான் ஸ்ட்ரைக்கர்) ஐந்து, ஆறு பவுண்டு போதும். மூட்டுவலியால் ஸ்லைடை இழுக்க முடியாத கைக்கு இந்த ட்ரிகரும் கனம்தான். 15 அவுன்ஸ் எடையில் .38 ஸ்பெஷல் உதைப்பது வேறு. ஜாக்கெட் பாக்கெட்டுக்கு, கணுக்காலுக்கு, இரண்டாவது துப்பாக்கியாக, அது அருமையான சாமான். முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

கொலம்பஸ்காரன்:

மேஸ்திரி, சின்ன பிஸ்டல் அடிக்கடி சிக்கிக்கொள்கிறதே, அது துப்பாக்கியின் குறையா, கையின் குறையா?

ரேஞ்ச் மேஸ்திரி:

முக்கால்வாசி கைதான், தம்பி. மணிக்கட்டு தளர்ந்தால் பிஸ்டலின் சட்டமும் (ஸ்லைடுக்குக் கீழுள்ள பாகம்) சேர்ந்து பின்னே போகும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறாமல் ஸ்லைடின் திறப்பில் குத்திட்டு நிற்கும். எடை குறைந்த பிஸ்டலில் இது சீக்கிரம் நடக்கும். அடுத்தது, கட்டைவிரல் ஸ்லைடு லீவர் மேலேயே படுத்திருக்கும், அதனால் கடைசித் தோட்டா போன பிறகும் ஸ்லைடு திறந்து நிற்காது. "ஸ்பிரிங் போச்சு" என்று பிஸ்டலைத் திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்தக் கட்டைவிரல்தான். மூன்றாவது, உள்ளங்கைச் சதை மேகசின் பொத்தானை லேசாக அழுத்தி, மேகசின் ஒரு நூல் இறங்கிவிடும். அடுத்த தோட்டா ஏறாது. அதனால்தான் "க்ளிக்" என்று மட்டும் கேட்டால் முதலில் மேகசின் அடியில் ஓங்கித் தட்டி, பிறகு ஸ்லைடை இழுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிக்கினால் மேகசினை மாற்றிப் பாருங்கள். மேகசின்களுக்கு 1, 2, 3 என்று பெயின்ட் பேனாவால் எண் போட்டு வைத்தால் எந்த ஒன்று தகராறு செய்கிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

ஹூஸ்டன் வாசு:

எல்லோரும் 500 டாலர் பிஸ்டலைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைத் தாங்குகிற உறைக்கும் (ஹோல்ஸ்டர்) பெல்ட்டுக்கும் செலவழிக்க மனம் வருவதில்லை, 15 டாலர் நைலான் உறையோடு கிளம்புகிறார்கள். உறை செய்ய வேண்டியது மூன்று வேலை. ட்ரிகர் காவலை (ட்ரிகரைச் சுற்றிய வளையம்) முழுக்க மூட வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் ட்ரிகர் அசையாதபடி கெட்டியாக. குனிந்தாலும் ஓடினாலும் பிஸ்டல் நழுவக் கூடாது. பிஸ்டலை உருவிய பிறகு வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். நைலான் மூன்றிலும் தோற்கும். கைடெக்ஸ் எனும் கெட்டி பிளாஸ்டிக் மூன்றிலும் தேறும், ஆனால் உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். தோல் உறை சுகமானதுதான். நாள்பட்டு வாய்ப்பகுதி தொய்ந்து உள்ளே மடிந்தால் அந்த மடிப்பே ட்ரிகரை அழுத்திவிடும்.

தவறுதலாக வெடிப்பது பெரும்பாலும் உருவும்போது இல்லை, திரும்பச் செருகும்போது. சட்டை ஓரமோ ஜாக்கெட் கயிற்றின் முடிச்சோ ட்ரிகர் காவலுக்குள் போய்விடும். திரும்பச் செருகுவதற்கு எந்த அவசரமும் கிடையாது. சட்டையை இடது கையால் முழுக்கத் தூக்கி, இடுப்பை முன்னே தள்ளி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலைப் பிஸ்டலின் சட்டத்தின் மேல் நீட்டிவைத்து, மெதுவாக இறக்குங்கள். ஏதாவது தடுக்கினால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். முன் இடுப்பில் வைக்கிறவர்கள் இன்னொரு படி மேலே போய், உறையைக் கழற்றி அதில் பிஸ்டலைச் செருகி, மொத்தமாக பேன்ட்டுக்குள் வைக்கலாம். காலையில் உடுத்தும்போது அதுதான் நிம்மதி.

பெல்ட் ஒன்றரை அங்குல அகலம், விறைப்பாக. சாதாரண ஆபீஸ் பெல்ட்டில் கைப்பிடி வெளியே சாயும், எவ்வளவு சின்ன பிஸ்டல் என்றாலும் தெரியும். தொப்பை உள்ளவர்களுக்கு (நம்மில் பாதிப்பேர்) முன் இடுப்பில் உட்கார்ந்தால் குத்தும். கடிகாரத்தில் 4 மணி இருக்கும் இடம், அதாவது வலது பின்னிடுப்பு, பொருந்தலாம். அங்கே வைத்தால் குனியும்போது சட்டை ஏறும், குந்தி எழப் பழகிக்கொள்ள வேண்டும்.

பாத்ரூம் விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. கொக்கியில் மாட்டாதீர்கள், டாய்லெட் பேப்பர் பெட்டி மேல் வைக்காதீர்கள், மறந்து வருவது அங்கேதான். உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம். இறங்கிய பேன்ட்டை முழங்காலுக்கு மேலேயே இறுக்கிப் பிடித்து, உறையோடு அதிலேயே இருக்கட்டும்.

கொலம்பஸ்காரன்:

சேம்பரைக் காலியாக வைத்துக்கொண்டால் பாதுகாப்புதானே?

ஆஸ்டின் அக்கா:

பாதுகாப்பு தருவது உறைதான், தம்பி. சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் ட்யூலர் 1983-இல் ஒரு கணக்கு எழுதினார். கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியைக் கடக்க ஒன்றரை விநாடி போதும். சட்டைக்குள்ளிருந்து உருவிச் சுடவே பழகியவர்களுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதில் ஸ்லைடை இழுக்க இரண்டாவது கையும் வேண்டும், அந்தக் கை குழந்தையைப் பிடித்திருக்கும், இல்லை எதிராளியைத் தள்ளிக்கொண்டிருக்கும். பயமாக இருந்தால் கைப்பூட்டு உள்ள மாடல் வாங்குங்கள், உருவும்போதே கட்டைவிரலால் தள்ளப் பழகுங்கள். அதுவும் வேண்டாமென்றால், காலி சேம்பரோடு இரண்டு வாரம் வீட்டில் உடுத்திப் பாருங்கள். நாள் முடிவில் ஸ்ட்ரைக்கர் தானாக விழுந்திருக்காது. அதைக் கண்ட பிறகு பயம் குறையும்.

கைப்பையில் வைக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கென்று தனி ஜிப் அறை, உள்ளே ட்ரிகரை மூடும் கெட்டி உறை, அந்த அறையில் லிப்ஸ்டிக்கோ சாவியோ கூடாது. பையை வண்டியில் வைத்துவிட்டு நகர்ந்தால் துப்பாக்கியையும் விட்டுவிட்டுப் போகிறீர்கள். குழந்தை கைக்கு எட்டுவதும் அந்தப் பைதான். முடிந்தவரை உடம்பிலேயே வையுங்கள்.

ரேஞ்ச் மேஸ்திரி:

தோட்டா பற்றி. பழகுவதற்கு 115 கிரெய்ன் (தோட்டா முனையின் எடை அளவு) உருண்டை முனை, இடுப்புக்கு ஹாலோ பாயின்ட், அதாவது பட்டதும் விரியும் குழிமுனை. ஃபெடரல் எச்எஸ்டி 124 அல்லது 147, ஸ்பியர் கோல்டு டாட் 124, இவற்றில் ஒன்று போதும். 1986-இல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும், கனத்த துணியைத் தாண்டிய பிறகும். .380-இல் உள்ள சிக்கல் இதுதான். முனை விரிந்தால் 12-ஐ எட்டாமல் நிற்கும், துணி அடைத்து விரியாமல் போனால் அதிகம் போகும். 9 எம்எம்மில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது.

இடுப்பில் ஏற்றுவதற்கு முன் 200 சாதாரண ரவுண்டு, அதோடு நீங்கள் வைக்கப்போகும் ஹாலோ பாயின்ட்டில் குறைந்தது 50, சிக்காமல் ஓட வேண்டும். பிறகு ஐந்து கெஜத்தில் ஐந்து அங்குல வட்டம், ஐந்து விநாடியில் ஐந்து தோட்டா. எல்லாம் உள்ளே விழுகிற வரை பழகுங்கள். விழாவிட்டால் ட்ரிகரை மாற்றச் சொல்லி யூடியூப் சொல்லும். கேட்காதீர்கள்.

தினமும் இறக்கி ஏற்றும் முதல் தோட்டா ஒவ்வொரு முறையும் சேம்பருக்கு ஏறும் சரிவில் மோதும். அதன் முனை பின்னாலுள்ள கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சுடும்போது அழுத்தம் ஏறும். புதிய தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் தனியே வைத்துவிடுங்கள், சுடாதீர்கள்.

ஹூஸ்டன் வாசு:

சட்டத்தில் நம்மவர்கள் இடறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி, எஃப்-1, எல்-1 விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக மத்தியக் குற்றம், சட்டப் பிரிவு 18 யுஎஸ்சி 922(ஜி)(5). வேட்டை லைசென்ஸ் விலக்கு ஒன்று உண்டு. அதை நம்பி வாங்கும் முன் வக்கீலிடம் கேளுங்கள், போவது விசா. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மனைவி குடியுரிமை பெற்றவர், கணவர் எச்-1பி என்றால், துப்பாக்கிப் பெட்டகத்தின் எண் கணவருக்குத் தெரிந்தாலே துப்பாக்கி அவர் வசமும் இருப்பதாக வாதிட இடம் உண்டு.

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து பெர்மிட் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். இருந்தும் எல்டிசி (டெக்சஸ் தரும் துப்பாக்கி லைசென்ஸ்) எடுங்கள். பள்ளியைச் சுற்றிய 1000 அடி மத்தியத் தடையிலிருந்து விலக்கு அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸுக்குத்தான், வேறு மாநிலங்கள் மதிப்பதும் அதைத்தான். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் மதிக்காது. நியூஜெர்சியில் ஹாலோ பாயின்ட்டுக்கே கட்டுப்பாடு. போஸ்ட் ஆபீஸுக்குள் கொண்டுபோக மத்திய விதியில் தடை உண்டு. கடை வாசலில் துப்பாக்கி கூடாது என்னும் 30.06 பலகையோ, பாரில் அதையே சொல்லும் சிவப்பு 51% பலகையோ இருந்தால் திரும்பிவிடுங்கள்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பை ரேஞ்சுக்கு மட்டுமே. அதே பையில் துணி அடுக்கி ஊருக்குக் கிளம்பி, ஓரத் தையலில் ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா கிடந்தால், இந்திய விமான நிலையத்தில் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு.

ஆபீஸில் அனுமதி இல்லாதவர்களுக்கு: டெக்சஸில் பூட்டிய சொந்தக் காரில் வைப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. டாஷ்போர்டு அறையில் வேண்டாம், கண்ணாடியை உடைக்கிறவர் முதலில் திறப்பது அதைத்தான். எஃகுப் பெட்டி ஒன்றைச் சீட்டுச் சட்டத்தோடு கேபிளால் பூட்டுங்கள். பார்க்கிங்குக்கு வந்த பிறகு கழற்றி வைத்தால் நாலுபேர் பார்ப்பார்கள், கிளம்புமுன் வீட்டு கராஜிலேயே வையுங்கள். பிஸ்டலைத் தனியே உருவ வேண்டாம். உறையின் கிளிப்பை பெல்ட்டிலிருந்து விடுவித்து, உறையோடு பெட்டிக்குள்.