‘டிராஷ் பிரேக்கிங்’: குப்பை உடைப்புக்கு மாற்றுச் சொல் தேவை

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்க வேட்டைநாய்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். ரக்கூன் என்ற மரமேறும் பிராணியைத் தேடிப் போகும் நாய், வழியில் மான் வாடை கிடைத்தால் ரக்கூனை மறந்து மான் பின்னால் ஓடிவிடுகிறது. தேடாத விலங்கு அவர்களுக்கு ‘டிராஷ்’, அதன் பின்னால் ஓடாதபடி பழக்குவதை ‘டிராஷ் பிரேக்கிங்’ என்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டேன், ‘குப்பை உடைப்பு’ என்று வந்தது. படத்தில் வரும் ஓர் ஆங்கிலேயர், நாய் இப்படி ஓடுவதை ‘ரயட்’ என்கிறார். அதற்குக் ‘கலவரம்’. ‘நாய்கள் முயலிடம் கலவரம் செய்தன’ என்று திரையில் போட்டால் என்னைத் தேடி வந்து அடிப்பார்கள்.

எனக்குத் தோன்றியவை: தடம்புரளல், தகாவேட்டை, விலக்குவிலங்கு. எதுவும் ஒட்டவில்லை. வரிக்கு நாற்பது எழுத்துக்குள் முடிய வேண்டும் என்பது வேறு. அண்ணாச்சி, நீங்கள் நாய் வளர்க்கிறவர், ஏதாவது சொல்லுங்கள்.

---

தங்கச்சிக்கு,

நாய் வளர்க்கிறவர் என்று நீ எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். ‘நாய்தான் இவரை வளர்க்குது’ என்று பதில் வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

> தடம்புரளல்

இதைப் படித்ததும் கண்முன் நாய் வரவில்லை, ரயில் பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. பத்திரிகைக்காரர்கள் இந்தச் சொல்லை ரயில்வேக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். திரும்ப வாங்க முடியாது.

> தகாவேட்டை

தகாத உறவு, தகாத வார்த்தை என்று அது போகிற திசையே வேறு. பாவம், நாய் என்ன செய்தது? மூக்கு சொன்னபடி ஓடியது.

> விலக்குவிலங்கு

மூன்றில் இதுதான் கிட்ட வருகிறது. ஆனால் படிப்பவர் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் பட்டியல் என்று நினைத்துக்கொள்வார். தவிர, எந்த விலங்கும் தானாக விலக்கு ஆவதில்லை, அன்றைக்கு எதைத் தேடிப் போகிறோமோ அதை வைத்துத்தான் ஆகிறது. நான் இவ்வளவு நீளமாக எழுத வந்ததே இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள். நரிவேட்டை நாய்க்கு முயல் ஆகாது. முயல் பின்னால் திரும்பினால் ‘வேர் ஹேர்’ என்று அதட்டுவார்கள், ‘முயலு, விட்றா’ என்கிற மாதிரி. மானுக்கு ‘வேர் ஹான்ச்’, பறவைக்கு ‘வேர் விங்’. அதே நாட்டில் பீகிள் என்ற சிறிய வேட்டைநாய்க் கூட்டத்துக்கு முயல்தான் வேட்டையாக இருந்தது. அங்கே 2004இல் நாய்வேட்டைத் தடைச் சட்டம் வந்து, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. அதற்கப்புறம், ஆள் முன்னால் போய் இழுத்துவைத்த வாடையில்தான் நாய்களை விடுகிறோம் என்கிறார்கள். (அந்தச் சாக்கில் நரியைத்தான் துரத்துகிறார்கள் என்ற சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.) ஆக, எந்த நரிக்காகத் தலைமுறை தலைமுறையாக அந்த நாயை வளர்த்தார்களோ, அதே நரி இன்று அதற்கு ‘ரயட்’. நரியும் மாறவில்லை, நாயின் மூக்கும் மாறவில்லை.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. 1406க்கும் 1413க்கும் இடையில் யார்க் கோமகன் எட்வர்ட் எழுதிய வேட்டை நூலில், இங்கிலாந்தில் ‘ரயட்’ என்று சொல்லப்படும் காட்டுவிலங்கு குழிமுயல் (வளை தோண்டி வாழும் ‘ராபிட்’) ஒன்றுதான் என்று இருக்கிறது. அறுநூறு வருஷத்தில் அந்தப் பெயர் குழிமுயலில் தொடங்கி நரிவரை வந்து நிற்கிறது. கட்டுமீறித் திரியும் மனிதர்களை அவர்கள் ‘ரன் ரயட்’ என்று சொல்வதும் நாயிடமிருந்து வந்த தொடர்தான். அந்தத் தொடரைப் பொறுத்தவரை நாயின் பேச்சுதான் மனிதனுக்கு வந்தது.

நம் பக்கத்தில் இதற்குச் சொல் ஏன் இல்லை என்றும் யோசித்தேன். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடுகிற நாய்கள். முயல் கிளம்பியது தெரிந்தால் பாய்ச்சல், மறைந்தால் நின்றுவிடும். மணிக்கணக்காக வாடை பிடித்துப் போனால்தானே தடம் மாறுகிற பேச்சு வரும்? ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் வாடை பிடிக்கும் நாய்களைக் கொண்டுவந்து வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நரி விரட்டினார்கள், உண்மைதான். அவர்கள் ஊர் நரி இங்கே இல்லாததால் நம் ஊர் நரியைத் துரத்தினார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு பெயர் (‘ஃபாக்ஸ்’, ‘ஜாக்கல்’), நமக்கு ஒரே பெயர், அதனால் நமக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அந்த வேட்டைப் பேச்சு கிளப்பைத் தாண்டித் தமிழுக்குள் இறங்கவே இல்லை.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேலைக்காக டென்னசியில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு ரக்கூன் நாய் வைத்திருந்தார். ஒரு நவம்பர் இரவு என்னையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஓடைக்கரையில் நாயை அவிழ்த்துவிட்டு, வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு காதால்தான் வேட்டை. தடம் கிடைத்ததும் நாய் நீட்டி முழக்கும். ரக்கூன் மரம் ஏறிவிட்டால் அடிமரத்தில் நின்று வெட்டி வெட்டிக் குரைக்கும். அந்தக் குரல் மாறும் கணத்துக்குத்தான் காத்திருப்பார்கள்.

மூத்த நாய் ஒழுங்காகப் போனது. இளையது கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் திரும்பியது. அவர் கையில் இருந்த கருவியின் திரையைக் காட்டினார். நாயின் கழுத்துப்பட்டையிலிருந்து வரும் கோடு அது. மூத்த நாயின் கோடு ஓடையை ஒட்டிக் கோலம் போட்ட மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது, ஏனென்றால் ரக்கூன் தண்ணீர் ஓரமாகத் துழாவிக்கொண்டே போகிற பிராணி. இளையதின் கோடு அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக, வேகமாக, எங்கள் காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ‘டீர்’ என்றார் ஒரே வார்த்தையில். காபியைக் கீழே வைத்துவிட்டார்.

கழுத்துப்பட்டையில் மின்னதிர்வு கொடுக்கும் பொத்தானும் இருந்தது. ஆனால் அவர் உடனே அழுத்தவில்லை. அது ஓடுவது மான் பின்னால்தான் என்று நூறு சதவீதம் தெரிய வேண்டுமாம். ரக்கூன் தடத்தில் இருக்கும்போது தவறி அழுத்திவிட்டால், ‘ரக்கூன் வாடை வந்தால் வலிக்கும்’ என்று நாய் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது வண்டியடியிலேயே படுத்துக்கிடக்கும், வேட்டைக்கே ஆகாது. மான் கண்ணெதிரே சாலையைத் தாண்டி, பின்னாலேயே நாயும் தாண்டினால்தான் பொத்தான். இல்லாவிட்டால் மானின் பின்னங்கால் சுரப்பியைத் துணியில் தேய்த்து, அதை முகரவைத்து வீட்டிலேயே பழக்குவது. அந்தக் காலத்தில் மான் தோலோடு நாயைப் பீப்பாயில் அடைத்து மேட்டிலிருந்து உருட்டிவிடுவார்களாம். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. இங்கிலாந்தில் வேறு மாதிரி: குட்டியைப் பண்ணை வீடுகளில் விட்டு வளர்ப்பது, ஆடு கோழி பூனைக்கு நடுவே. பிறகு மூத்த நாயோடு இரட்டைப் பட்டையில் பிணைத்து நடத்துவது.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் அம்மாச்சிதான். கடைசி மாமாவுக்குப் பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லும். அங்கே பொத்தான், இங்கே வேப்பெண்ணெய், வேலை ஒன்றுதான். ‘பிரேக்கிங்’ என்பதற்கு உடைப்பு எதற்கு? மறக்கடித்தல் என்ற சொல் நம் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறதே. கோழி பிடிக்கும் நாயையும் ஊரில் அப்படித்தான் சொல்வோம்: ‘கோழியை மறக்கடிச்சாச்சு, இப்ப வாய் வைக்காது.’

ஆகவே என் முன்மொழிவு. தேடிப்போகும் விலங்கு ‘குறிவிலங்கு’. மற்றதன் வாடைவழி ‘அயல்தடம்’. அதை விடப் பழக்குவது ‘அயல்தடம் மறக்கடித்தல்’. பழகி முடித்த நாயை அங்கே ‘ஸ்ட்ரெயிட் டாக்’ என்கிறார்கள், நாம் ‘ஒருதட நாய்’ என்னலாம்.

---

அண்ணாச்சியின் மடல் சுவையாக இருந்தது. இலக்கணம் பற்றி இரண்டு வரி.

அயல் + தடம் என்பது புணர்ந்தால் அயற்றடம். கல் + தூண் கற்றூண் ஆவது போல. ‘அயல்தடம்’ என்று பிரித்தே எழுதிப் பழகினாலும், ஒரு நாள் யாராவது திருத்துகிறேன் என்று வந்து அயற்றடம் ஆக்கிவிடுவார். அதைப் பார்ப்பவர் அயர்ச்சி என்றுதான் படிப்பார். கலைச்சொல் ஆக்கும்போதே அதன் புணர்ச்சி வடிவத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.

‘மறக்கடித்தல்’ பற்றி ஓர் ஐயம். நாய் மான் வாடையை மறப்பதில்லையே? மூக்குக்குத் தெரிகிறது, தெரிந்தும் போகாமல் இருக்கிறது. அறிந்தே விடுவதை மறதி என்னலாமா?

---

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

அயற்றடம் நான் யோசிக்காதது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாய் எழுந்து போய்விட்டது. ‘வேற்றுத்தடம்’ என்று வைத்துக்கொள்வோம். வேற்றுமொழி, வேற்றுக்கிரகம் என்று எல்லோருக்கும் பழகிய அமைப்பு. ஊர்ப்பேச்சில் ‘வேத்தாளு’ என்கிறோமே, வாசலில் அறியாத ஆளைப் பார்த்து நாய் குரைத்தால். அந்த வேற்று.

மறதி பற்றி: பால்குடி மறந்த பிள்ளைக்குப் பாலின் ருசி மறந்தா போகிறது? எதிரே இருந்தாலும் கேட்காது, அவ்வளவுதான். ‘மறக்கடித்தல்’ என்று நாம் சொல்லும்போதே நினைவு அழிவதைச் சொல்லவில்லை, நாட்டத்தைத் திருப்புவதைத்தான் சொல்கிறோம் என்பது என் கட்சி. ஐயா ஏற்காவிட்டால் ‘வேற்றுத்தட விலக்கு’ என்றும் ஒரு மாற்று இருக்கட்டும், அகராதிக்கு. பேச்சுக்கு அது வராது.

---

எல்லோருக்கும் வணக்கம், ஆக்லாந்திலிருந்து எழுதுகிறேன். பொதுவாக நான் படிப்பதோடு சரி, இது எங்கள் ஊர் விஷயமும் ஆகிவிட்டதால் நுழைகிறேன்.

இங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் நாய்களுக்கு, பறக்காத கிவிப் பறவை வாழும் பகுதி என்றால், கிவியை விட்டு விலகும் பயிற்சி கொடுக்கிறார்கள். பல இடங்களில் அது இல்லாமல் அனுமதிச் சீட்டே கிடையாது. செத்த கிவியின் உடல், எச்சம், கூட்டுச் சருகு இவற்றை வழியில் வைத்து, நாய் முகர்ந்ததும் அண்ணாச்சி சொன்ன அதே கழுத்துப்பட்டை. காரணம் இருக்கிறது. 1987இல் வைட்டாங்கி காட்டில் ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் சில வாரங்களில் பெருநாசம் செய்தது. சுமார் 900 கிவிகள் இருந்த காட்டில் 500 வரை கொன்றிருக்கும் என்று கணித்தார்கள். அலைபரப்பி கட்டியிருந்த பறவைகளில் 13 செத்துக்கிடந்ததால்தான் விஷயமே தெரியவந்தது.

என் கேள்வி: கிவி விஷயத்தில் நாய் தடம் பிடித்து ஓட வேண்டியதில்லை, புதருக்குள் தலை விட்டாலே பறவை போச்சு. பறக்கும் பறவைகளுக்கு மார்பெலும்பில் இருக்கும் மேடு அதற்குக் கிடையாது, நாய் லேசாகக் கவ்வினாலே நொறுங்கிவிடும். இங்கே ‘வேற்றுத்தடம்’ பொருந்துமா? ‘கிவி மறக்கடித்தல்’ என்று விலங்கின் பெயரையே முன்னால் போட்டால் போதாதா?

---

ஆக்லாந்து அக்கா சொன்னது சரி. தடம் என்ற சொல் வாடை பிடித்து ஓடும் நாய்க்கு மட்டும் இருக்கட்டும். மற்ற இடத்தில் விலங்கின் பெயர் + மறக்கடித்தல். பாம்பு மறக்கடித்தல்கூட வரும், அரிசோனாவில் சலங்கைப் பாம்புக்குச் செய்கிறார்கள். சிப்பிப்பாறைக்காரர்களுக்கு ஆடு மறக்கடித்தல்.

துப்பறியும் நாய்களுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். வெடிமருந்து தேடும்போது பிரியாணிப் பொட்டலத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழக்குவது வேறு கதை. அங்கே தண்டனையைவிடச் சரியானதைக் காட்டினால் பந்து கிடைக்கும் என்பதுதான் வேலை செய்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

---

அண்ணாச்சி, ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. நேற்றிரவு போட்டுப் பார்த்தேன். கிழவர் தன் நாயின் தலையைத் தடவிக்கொண்டே சொல்லும் இடம்:

‘இவன் வேற்றுத்தடம் போகமாட்டான்.’
‘மானை மறக்கடிச்சு ரெண்டு வருஷமாச்சு.’

இரண்டு வரியும் அளவுக்குள் அடங்குகிறது. ‘ஒருதட நாய்’ மட்டும் திரையில் பார்க்கும்போது ‘ஒருதடவை’ என்று கண் ஓடுகிறது. அதற்கு வேறு ஏதாவது இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும்.