மறு: கற்றல் நோக்கத்தில் வரும் வினைக்கு ஒரு சொல் – ‘காண்வினை’

குழுவினருக்கு வணக்கம். பாட முடிவில் மாணவர் என்ன செய்வர் என்று பாடக்குறிப்பில் எழுதும் வசனம்தான் கற்றல் நோக்கம். அதை முடிக்கும் வினைக்குக் ‘காண்வினை’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> ‘செயல் வினை’ என்றே எழுதலாமே. எல்லாருக்கும் விளங்கும். புதுச்சொல் எதற்கு?

கல்முனை நண்பரே, விளங்கவில்லை என்பதுதான் என் அனுபவம். வினை என்றாலே செயல்தான். ‘செயல் வினை’யில் எழுதுங்கள் என்றால் ஆசிரிய மாணவர்கள் ‘அறிந்துகொள்வர்’, ‘உணர்வர்’ என்று எழுதுகிறார்கள். இலக்கணப்படி அதில் பிழையும் இல்லை. நமக்கு வேண்டியது பிள்ளை செய்யும்போது ஆசிரியர் காணக்கூடிய வினை. அந்தக் ‘காண’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் நான் எழுதிய பாடக்குறிப்பு ஒன்று இன்னும் கையில் இருக்கிறது. தலைப்பு மட்டக்களப்பு வாவி. வாவி கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம். நோக்கம்: ‘முகத்துவாரம் வெட்டப்படுவதன் விளைவுகளை மாணவர் அறிந்துகொள்வர்.’ மேற்பார்வைக்கு வந்த சேர் கடைசிச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு இழுத்துவிட்டுக் கேட்டார்: “புள்ளைகள் அறிஞ்சிட்டாங்க எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” பிள்ளைகள் தலையாட்டினார்கள், அதைத் தவிர என்னிடம் வேறு சான்று இருக்கவில்லை.

அன்றிரவு மாற்றி எழுதினேன்: ‘மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்திருக்கும்போதும் வெட்டிவிட்ட பின்னரும் வாவிநீரின் உப்புத்தன்மையை மாணவர் ஒப்பிட்டுக் காரணம் கூறுவர்.’ மறுநாள் ஒரு பிள்ளை, வெட்டினால் கடல்தண்ணி உள்ளே வரும், உப்புக் கூடும் என்றாள். பின்வாங்கில் இருந்தவன் எழும்பி, மாரி வெள்ளம் வடிந்து முடியுமட்டும் வாவித்தண்ணிதானே கடலுக்குப் போகும், உப்பு உடனே எப்படிக் கூடும் என்று மறித்தான். அவன் தகப்பன் வாவியில் தோணி வைத்திருப்பவர். இருவரும் சிந்திப்பதை நான் கண்டேன். பாடம் அதேதான், நோக்கத்தின் வினை மட்டுமே மாறியிருந்தது.

தமிழில் வினை வசனத்தின் கடைசியில் வந்து நிற்பது இதற்கு நல்ல வசதி. மற்றதையெல்லாம் கையால் மறைத்துக் கடைசிச் சொல்லை மட்டும் வாசித்தாலே நோக்கம் தேறுமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

காண்வினை வினைத்தொகை. குடிக்கும் நீர் குடிநீர், காணும் வினை காண்வினை. பாடுவதும் பேசுவதும் காதால் கேட்பவை, அங்கே பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்கில் ‘விடை காண்க’ என்கிறோம், அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. காண் என்பது கண்டறிதலும்தான். ‘வினை’ ஊழையும் குறிக்கிறதே என்ற கவலையும் வேண்டாம். செய்வினை என்ற சொல் சூனியத்துக்கும் வழங்குகிறது, இலக்கண வகுப்பில் எந்தப் பிள்ளையும் அதனால் குழம்புவதில்லை.

> ஒவ்வொரு சிந்தனைப் படிக்கும் உரிய வினை என்பதால் ‘படிவினை’ என்றால் என்ன?

சிந்தனைப் படி என்பது நினைவுகூர்தல், விளங்கிக்கொள்ளல் என்று கீழிருந்து மேலே போகும் சிந்தனை மட்டம். ‘படிவினை’யை நான் உறுதியாக மறுக்கிறேன். எந்த வினையும் ஒரு படிக்கு மட்டும் சொந்தமில்லை. ‘விளக்குவர்’ என்பதை எடுங்கள். நேற்றுச் சொல்லிக் கொடுத்த குறிப்பையே பிள்ளை இன்று ஒப்புவித்தால் அது வெறும் நினைவுகூர்தல். காணாத ஒன்றைத் தன் சொல்லில் விளக்கினால்தான் அது விளங்கிக்கொள்ளல். வினைகளைப் படிவாரியாக அட்டவணை போட்டு ஒட்டிவைத்துக்கொண்டு அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எழுதும் பழக்கத்தைப் ‘படிவினை’ இன்னும் வளர்த்துவிடும்.

மறுபக்கம், படியின் பெயரையே நோக்கத்தின் வினையாக்குவதும் நடக்கிறது. ‘விளங்கிக்கொள்ளல்’ ஒரு படி. ஆனால் ‘விளங்கிக்கொள்வர்’ என்று முடிக்கும் நோக்கத்தை எப்படி மதிப்பிடுவது? அதனால்தான் சிந்தனைப் படி என்றும் காண்வினை என்றும் இரண்டு சொல் கேட்கிறேன்.

படிப் பெயர்களிலும் ஒன்றைத் திருத்தவேண்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் புளூம் குழுவினர் 1956 இல் வெளியிட்ட சிந்தனைப் படிகளின் பாகுபாட்டில் ஐந்தாம் படியை நாம் ‘தொகுப்பு’ என்று படித்தோம். அங்கே கருதியது, கூறுகளை இணைத்துப் புதிதாக ஒன்றை ஆக்குவது. நம் வகுப்புகளில் அது ‘பத்திரிகைப் படங்களைத் தொகுப்பர்’ என்று ஆகிவிட்டது. வெட்டி ஒட்டிய அல்பம் உயர்சிந்தனையாம்! 2001 இல் அன்டர்சன், கிராத்வோல் முதலானோர் திருத்தியபோது அந்த இடத்துக்கு ஆக்குதலைக் கொண்டுவந்து மதிப்பிடலுக்கும் மேலே உச்சியில் வைத்தார்கள். பெயர்ச்சொல்லாக இருந்த படிகளை வினையாகவும் மாற்றினார்கள். ‘பிரயோகம்’ ‘பிரயோகித்தல்’ ஆனது நம் காதுக்குப் பெரிய மாற்றமாகக் கேட்பதில்லை. ‘தொகுப்பு’ ‘ஆக்குதல்’ ஆனதையாவது கவனிக்கவேண்டும். ‘தொகுப்பு’ என்ற பெயரை இனிக் கைவிடுவோம்.

> மகரகமயில் முடிவெடுக்கட்டும், நாம் காத்திருப்போம்.

மகரகமயில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் உள்ள தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு எதையும் நான் மாற்றச் சொல்லவில்லை. அவற்றைப் பாடக்குறிப்பில் எழுதும் கைக்கு ஒரு சொல் கேட்கிறேன். நம் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் மண்ணிலிருந்து ஒரு சொல்லை முன்வைக்க நாம் ஏன் தயங்கவேண்டும்?

அம்பாறைப் பக்க ஆசிரியர்கள் இந்தத் தவணைப் பாடக்குறிப்புகளில் எழுதிப் பாருங்கள். ‘காண்வினை’ இடறும் வசனம் ஏதும் கிடைத்தால் முழு வசனத்தையும் அனுப்புங்கள், அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
ஆரையம்பதியிலிருந்து