பழைய பிரிக்ஸ் எஞ்சினில் பொருந்தாத ரீகாயில் ஸ்டார்ட்டர்: கிளட்சை மாற்றுவதா, மூடியை மாற்றுவதா?

ஓடைமேடு:
வணக்கம். ஒஹாயோவில் இருக்கிறேன். இங்கே ஒரு கராஜ் சேலில் மண்ணைக் கிளறும் பழைய டில்லர் ஒன்று வாங்கினேன், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 3 குதிரைத்திறன் எஞ்சின். கோட் எண் 68 என்று தொடங்குவதால் 1968-ல் செய்தது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, தீப்பொறியும் வருகிறது. தொல்லை ரீகாயில் ஸ்டார்ட்டரில்தான், அதாவது கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பும் பாகத்தில். கயிற்றை இழுத்தால் சில நேரம் பிடிக்கிறது, பல நேரம் எஞ்சினைச் சுற்றாமல் வெறுமனே வந்துவிடுகிறது, அப்படியே பிடித்து ஓட ஆரம்பித்தாலும் உள்ளே கீச்சென்று உரசுகிற சத்தம். கயிறு சுற்றும் புல்லி பொருத்திய காற்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கயிற்றின் இழுப்பை எஞ்சினுக்குக் கடத்தும் கிளட்சின் சதுர முனை புல்லியின் ஓட்டைக்குள் நுனியளவுதான் நுழைந்திருக்கிறது, மூலைகளும் மழுங்கிவிட்டன. மூடியின் பெயின்ட் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகவில்லை, யாரோ வேறு எஞ்சினிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். புதுக் கிளட்ச் வாங்கிப் போட்டால் போதுமா?

இரும்புப்பட்டறை:
இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் தம்பி. முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். மூடி இல்லாமல் அந்தச் சதுர முனையைக் கையால் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் தாராளமாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் டக்கென்று பிடித்து ஃப்ளைவீலையும் (எஞ்சினின் கனத்த சக்கரம்) இழுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் அழுக்கில் ஒட்டியிருக்கின்றன. அவை தானாகக் கீழே விழுந்துதான் பிடிக்கும், எஞ்சின் ஓடும்போது சுழற்சி வேகத்தில் வெளியே ஒதுங்கிக்கொள்ளும். அதனால் அங்கே எண்ணெய் விடவே கூடாது, கழுவிக் காய விடுங்கள், அவ்வளவுதான்.

கீச்சு வேறு சமாச்சாரம். ஓடும்போது சதுர முனை அப்படியே நிற்கும், எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் நுனி அதற்குள்ளே சுற்றும். அந்த இடம் காய்ந்தால் கத்தும். ஷாஃப்ட் நுனியில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

ஓடைமேடு:
நன்றி அண்ணா. கழுவியதும் கையால் திருப்பினால் ஒவ்வொரு முறையும் பிடிக்கிறது, சத்தமும் இல்லை. ஆனால் மூடியைப் போட்டால் நுனி மட்டும் நுழைவது மாறவில்லை. சதுர முனையை வெல்டிங்கில் கொஞ்சம் நீட்டிவிடலாமா?

வயல்வெளி:
வெல்டிங் வேண்டவே வேண்டாம். நடுமையம் துளி விலகினாலும் புல்லி ஆடிக்கொண்டே சுற்றும், புது மூடியையும் தின்றுவிடும். மூடியின் அடியில் வாஷர் வைக்கச் சிலர் சொல்வார்கள், அது இடைவெளியை இன்னும் கூட்டத்தான் செய்யும்.

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. பிற்காலத்துச் சீல் வைத்த கிளட்சைப் பழைய எஞ்சினில் போட வேண்டுமென்றால் கிராங்க் ஷாஃப்டின் நுனியை வெட்டிச் சுருக்க வேண்டியிருக்கும். அறுபது வருஷத்தை நெருங்கும் எஞ்சின், இன்னும் நல்ல கம்ப்ரஷனோடு இருக்கிறது, வந்து ஒட்டிய ஒரு மூடிக்காக அதன் ஷாஃப்டை ஏன் வெட்ட வேண்டும்? உங்கள் கிளட்ச்தான் வேலை செய்கிறதே. அதே காலத்து, அதே 8 கன அங்குல வகை எஞ்சின் ஒன்று ஓடாமல் எங்காவது கிடக்கும், மூடியை அதிலிருந்து எடுங்கள். மாடல் எண்ணின் முதல் இலக்கங்கள் சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும், அதை வைத்துத் தேடலாம். ஆனால் வாங்குமுன் சதுர ஓட்டையின் ஆழத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையின் மூலைகள் கூர்மையாக இருக்க வேண்டும். உங்கள் முனையின் மழுங்கலை அரத்தால் லேசாகச் சீர்செய்தால் போதும், நிறையத் தேய்த்தால் ஆட்டம் வந்துவிடும்.

இரும்புப்பட்டறை:
வயல்வெளி சொல்வது சரி. என்றைக்காவது கிளட்சைக் கழற்ற நேர்ந்தால் அதற்கென்று இருக்கும் ஸ்பேனரால் கழற்றுங்கள். ஃப்ளைவீலை இறுக்கிப் பிடிக்கும் நட்டும் அதுவேதான் என்பதால் பலர் உளியும் சுத்தியலும் எடுக்கிறார்கள், ஃப்ளைவீலின் அலுமினியக் காற்றிதழ் உடைந்தால் பிறகு ஒட்ட முடியாது.

மூடி கிடைத்ததும் கயிற்றைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஸ்பிரிங்கைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அது துள்ளினால் முகத்தில் அடிக்கும். முழுக்க இறுகும்வரை சுற்றி, பிறகு ஒரு சுற்று தளர்த்தி, புல்லியில் கயிறு முடிச்சின் ஓட்டையும் மூடியின் கயிற்றுத் துளையும் நேருக்கு நேர் வரும் இடத்தில் நிறுத்திக் கயிற்றைக் கோத்துவிடுங்கள். தடிமனான கயிறு போட்டால் புல்லி நிறைந்து இறுகிக்கொள்ளும், பழைய கயிற்றின் தடிமனையே வாங்குங்கள்.

ஓடைமேடு:
டோலிடோ பக்கம் ஒருவரிடம் அதே வகை எஞ்சின் பாகங்களுக்காகக் கிடக்கிறதாம். ஓட்டையின் ஆழத்தை அளந்து படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன்.