கலைச்சொல்: ‘ஃபார்மட்’ என்றால் வடிவமா, தடமுறையா? (எச்டி டிவிடி, புளூ-ரே வட்டுகளை வைத்து)

பீளமேட்டிலிருந்து:

வணக்கம். நம் சொற்பட்டியலின் ஒளிவட்டுப் பகுதியில் ‘ஃபார்மட்’ என்பதற்கு ‘வடிவம்’ என்றும், ‘ஃபார்மட் வார்’ என்பதற்கு ‘வடிவப் போர்’ என்றும் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

டிவிடிக்கு அடுத்து, தெளிவு கூடிய படங்களுக்காகப் போட்டிபோட்டு வந்த ஒளிவட்டுகள் இரண்டு. அவற்றில் எச்டி டிவிடி ஒன்றையும் புளூ-ரே ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் குறுக்களவு 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ., நடுத்துளை 15 மி.மீ. வடிவத்தில் எள்ளளவும் வேறுபாடு கிடையாது. லேசரும் இரண்டிலும் ஒன்றே, 405 நானோமீட்டர் நீல ஊதா. படத்தைச் சுருக்கும் முறைகளும் (எம்பெக்-2, விசி-1, எச்.264) இரண்டுக்கும் பொது. இருந்தும் ஒன்றின் கருவியில் மற்றது ஓடாது. ‘வடிவம்’ என்று படித்த பிள்ளை ஒன்று வட்டம், மற்றது சதுரம் என்று நினைத்துக்கொண்டால் தப்பு நம் பேரில்தான்.

வேறுபாடு உள்ளே இருக்கிறது. தகவல் படலம் எச்டி டிவிடியில் 0.6 மி.மீ. ஆழத்தில் கிடக்கிறது, பழைய டிவிடியில் இருப்பதுபோலவே. புளூ-ரேயில் அது 0.1 மி.மீ. ஆழத்தில், மேற்பரப்பை ஒட்டி வந்துவிடுகிறது. வில்லையின் (லென்ஸின்) திறப்பெண், அதாவது அது ஒளியை எவ்வளவு அகன்ற கோணத்தில் குவிக்கிறது என்பதைக் காட்டும் எண், டிவிடிக்கு 0.60, எச்டி டிவிடிக்கு 0.65, புளூ-ரேக்கு 0.85. திறப்பெண் கூடக்கூட ஒளிப்பொட்டு சிறுக்கும், தடங்களை நெருக்கி வைக்கலாம். தட இடைவெளி டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர், எச்டி டிவிடியில் 0.40, புளூ-ரேயில் 0.32. ஓர் அடுக்கில் 15 ஜிபி, 25 ஜிபி என்ற வித்தியாசம் இதிலிருந்து வருவதுதான்.

எல்லாம் தடத்தைச் சுற்றியே நடக்கிறது. தடம் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நெருக்கத்தில், எந்த வில்லையால் படிக்கும்படி இருக்கிறது என்பதுதான் சங்கதி. ஆகவே தடமுறை என்று வைக்கலாம். இட்டேரித் தடம், வண்டித்தடம் என்று நம் பக்கம் நாள்தோறும் புழங்கும் சொல்தானே.

சென்னிமலையிலிருந்து:

> ஆகவே தடமுறை என்று வைக்கலாம்

நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ‘அச்சு’ன்னு ஒரு சொல் கையிலேயே இருக்கும்போது புதுசா ஒண்ணு எதுக்குங்க? தறியில் இழை நெருக்கத்தை நிர்ணயிப்பது அச்சு. 60-ஆம் நம்பர் அச்சுக்குப் பிணைத்த பாவை (நெடுக்கு இழைகளை) அப்படியே 80-ஆம் நம்பர் அச்சில் ஏற்றினால் துணியின் அகலம் சுருங்கிவிடும். நூல் அதேதான், தறி அதேதான், நெருக்கம் மட்டும் வேறு. 0.74, 0.40, 0.32 என்று நீங்கள் சொல்வதும் அச்சு நம்பர் சொல்வதும் ஒரே கணக்கு. ‘இது எந்த அச்சு வட்டுங்க?’ என்று கடையில் கேட்கவும் வாய்க்கு வரும். ‘தடமுறை’ வாய்க்கு வருமாங்க?

பொள்ளாச்சியிலிருந்து:

அச்சு அழகான உவமைதான். ஆனால் வட்டுத் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கண்ணாடித் தட்டில் ஒளியுணர் பூச்சு பூசி, லேசரால் குழிகளை எழுதி, அதன்மேல் நிக்கலை மின்முறையில் படியவைத்து உரித்தெடுப்பார்கள். அந்த நிக்கல் தகடுதான் ‘ஸ்டாம்பர்’. நம் பட்டியலில் 3-ஆம் பக்கத்தில் அதற்கு ‘வட்டச்சு’ என்று போட்டாயிற்று. உருகிய பாலிகார்பனேட்டை அதன்மேல் அழுத்திச் செலுத்தி வட்டை வார்க்கிறார்கள். ஃபார்மட்டுக்கும் அச்சு என்றால் ‘அச்சு மாற்றினார்கள்’ என்ற ஒரு தொடருக்கு இரண்டு பொருள் வரும். அந்த இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும்!

அச்சுத் தகடு மாற்றுவது அன்றாட வேலை. தடமுறை மாற்றினால் ஆலையையே மாற்ற வேண்டி வரும். டிவிடியும் எச்டி டிவிடியும் 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை வார்த்து, உலோகம் படியவைத்து, புறஊதாவில் இறுகும் பசையால் ஒட்டுவது. பழைய ஆலையில் சில மாற்றங்கள் செய்தாலே போதும் என்று, எச்டி டிவிடியை முன்னின்று கொண்டுவந்த தோஷிபா தரப்பு சொன்னதன் அடிப்படை இது. புளூ-ரேக்கு 1.1 மி.மீ. தகட்டை வார்த்து, உலோகம் படியவைத்து, மேலே 0.1 மி.மீ. ஒளிபுகும் ஏடு போட வேண்டும். பிசினைச் சுழற்றிப் பரப்புவார்கள், அல்லது மெல்லிய தாளாக ஒட்டுவார்கள். அந்த ஏட்டின் தடிமன் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை சில மைக்ரோமீட்டருக்குமேல் மாறக்கூடாது. மாறினால் ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் கலங்கும். திறப்பெண் 0.85 ஆனபிறகு இந்தப் பிழைக்கு மன்னிப்பே கிடையாது.

ஏட்டை ஏன் இவ்வளவு மெலிதாக்கினார்கள் என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். வட்டு கொஞ்சம் சாய்ந்தால் வரும் பிழை, ஏட்டின் தடிமனைத் திறப்பெண்ணின் மும்மடிப் பெருக்கால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்த அளவில் ஏறும். 0.6 மி.மீ. தடிமனை அப்படியே வைத்துக்கொண்டு 0.85 வில்லையைப் போட்டால் டிவிடியைவிட நாலரை மடங்கு பிழை. 0.1 மி.மீ.க்கு இறக்கினால் டிவிடியைவிடக் குறைவு. எச்டி டிவிடி ஏறக்குறைய இரண்டு மடங்கோடு சமாளித்தது. திறப்பெண்ணை 0.65-க்கு மேல் கொண்டுபோகாததன் சூட்சுமம் அது. என் ஓட்டு தடமுறைக்கு.

ஈரோட்டிலிருந்து:

பொள்ளாச்சி ஐயா ‘ஏடு’ என்று எழுதியதைப் பிடித்துக்கொள்கிறேன். பட்டியலில் ‘கவர் லேயர்’ என்பதற்குக் ‘காப்புறை’ என்று இருக்கிறது. அது தவறான எண்ணத்தைத் தருகிறது. 0.1 மி.மீ. ஏடு காப்பதற்காகப் போட்டதல்ல, ஒளி புகுந்து குவியும் வழி அது. காப்பது அதன்மேல் பூசும் இன்னொரு மெல்லிய கெட்டிப்பூச்சு. பாலேடு மாதிரி மேலேடு என்று 0.1 மி.மீ. ஏட்டுக்கும், கெட்டிப்பூச்சு என்று அதன்மேல் பூசுவதற்கும் பிரித்துவிட்டால் நல்லது.

இந்தக் குழப்பத்தால் கடைகளில் வட்டு வீணாகிறது. கீறல் விழுந்த டிவிடியைத் தேய்த்து மெருகேற்றும் இயந்திரம் இருக்கிறதல்லவா, அதில் புளூ-ரேயைப் போடக்கூடாது. டிவிடியிலும் எச்டி டிவிடியிலும் தேய்ப்பதற்கு 0.6 மி.மீ. பிளாஸ்டிக் இருக்கிறது, கொஞ்சம் போனாலும் படிக்கும். புளூ-ரேயில் முதல் சுற்றிலேயே கெட்டிப்பூச்சு போய்விடும், அடுத்துத் தேய்வது மேலேடு. தேய்ந்த இடத்தில் தடிமன் மாறிவிடுவதால், கண்ணுக்குப் பளபளவென்று இருந்தாலும் கருவி ‘வட்டு இல்லை’ என்று சொல்லிவிடும். ‘காப்புறைதானே, தேய்ச்சா என்ன’ என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது, சொல் அப்படி.

தூசிக் கணக்கும் இதுவே. டிவிடியின் மேற்பரப்பில் ஒளிக்கற்றை ஏறக்குறைய அரை மி.மீ. அகலத்துக்கு விரிந்து விழுகிறது, 0.1 மி.மீ. தூசி அதில் 4 விழுக்காட்டை மறைக்கும். புளூ-ரேயில் மேற்பரப்பில் கற்றையின் அகலமே 0.13 மி.மீ. அளவுதான். அதே தூசி பாதிக்குமேல் மறைத்துவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் வட்டை உறைக்கு வெளியே வைக்கவே கூடாது. துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிழைதிருத்தம் அதைத் தாங்காது. 2003-இல் ஜப்பானில் சோனி விற்ற முதல் பதிவுக்கருவிக்கு வட்டைக் கூட்டுக்குள் அடைத்தே கொடுத்தார்கள். கெட்டிப்பூச்சு வந்தபிறகுதான் கூடு போனது.

திருப்பூரிலிருந்து:

தடமுறை, மேலேடு இரண்டும் சரி. ‘போர்’ மட்டும் வேண்டாமே. போர் என்றால் அடித்துக்கொண்டு ஒருவன் வீழ்வது. இங்கே நடந்தது ஆள் சேர்ப்பு.

தேதிகளைப் பாருங்கள். 2006 மார்ச் 31-இல் எச்டி டிவிடி ஜப்பானில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் தோஷிபா கருவி 499 டாலர். ஜூனில் வந்த சாம்சங்கின் புளூ-ரே கருவி 999 டாலர். நவம்பரில் புளூ-ரே ஓட்டும் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி வந்து, விளையாட்டுக்கு வாங்கியவர் வீட்டிலெல்லாம் புளூ-ரே கருவி தன்னால் நுழைந்துவிட்டது. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் படநிறுவனம் எச்டி டிவிடி பக்கம் சாய்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தோஷிபா கருவி ஒன்று 100 டாலருக்கும் கீழே இறங்கியது. 2008 ஜனவரி 4-இல் வார்னர் படநிறுவனம் இனி புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரி 15-இல் வால்மார்ட் கடைத்தொடர் எச்டி டிவிடியைக் கைவிட்டது, 19-இல் தோஷிபாவே நிறுத்திக்கொண்டது. நாலு நாள்! விலை குறைவானது ஜெயிக்கும் என்பது சந்தைக் கணக்கு. ஆனால் படம் வைத்திருப்பவன் எந்தப் பக்கம் என்பதே முடிவைச் சொன்னது, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தடமுறைப் போட்டி. பத்திரிகைத் தலைப்பில் போர் என்று எழுதிக்கொள்ளட்டும். பழைய வீடியோ நாடாக்களான விஎச்எஸ், பீட்டாமேக்ஸ் விஷயத்துக்கும் இது பொருந்தும். இரண்டும் அரை அங்குல நாடாதான், பேழையின் அளவும் தடம் போட்ட விதமும்தான் வேறு.

சென்னிமலையிலிருந்து:

சரிங்க, அச்சை விட்டுத்தரேன். ஒரு சந்தேகம் மட்டும். வட்டாரப் பூட்டு தடமுறைக்குள் வருமாங்க? புளூ-ரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள், நாம் சி. எச்டி டிவிடியில் அது இல்லை. ஏ வட்டாரத்து வட்டின் தடத்தை நம் கருவி படிக்கும், ஆனால் படம் ஓட்டாது.

பீளமேட்டிலிருந்து:

வராது. நீங்களே பிரித்துவிட்டீர்கள். கருவி தடத்தைப் படித்து, வட்டாரத்தைப் பார்த்து, ஓட்ட மறுக்கிறது. படிக்கவே முடியாவிட்டால் தடமுறைக் கோளாறு. படித்துவிட்டு மறுத்தால் பூட்டு. பழுது பார்ப்பவருக்கு இந்தப் பிரிவு கையோடு உதவும்.

மேலேடு, கெட்டிப்பூச்சு, தடமுறை, தடமுறைப் போட்டி நான்கையும் ஏற்றிவிடுகிறேன். ‘ஹை டெஃபனிஷன்’ என்பதற்குப் போட்ட ‘உயர் வரையறை’யையும் அடித்துவிடலாமா? அது இலக்கணம் சொல்வதுபோல் ஒலிக்கிறது, உயர்தெளிவு போதும்.

ஒரு சொல் பாக்கி. ஒரு பக்கம் டிவிடியும் மறுபக்கம் எச்டி டிவிடியுமாக வந்த ‘காம்போ’ வட்டை ‘இரட்டை வட்டு’ என்று எழுதியிருக்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டு படலம் உள்ள 30 ஜிபி வட்டையும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். காம்போவில் இரு பக்கமும் படிக்கும் பக்கம், படம் அச்சிட இடமில்லை, பெயர் நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் பொடி எழுத்தில் மட்டும் இருக்கும். தட்டில் போடும்போது அந்த எழுத்தைப் பார்க்காமல் போட்டால் பழைய தெளிவில் படம் ஓடும், கருவி பழுது என்று நினைத்துவிடுவார்கள். முன்னதை இருமுக வட்டு, பின்னதை ஈரடுக்கு வட்டு என்று மாற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.