சீட் பெல்ட் போட்டால் பரிசு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டர்பன்காரன்:
ஈஸ்டர் வாரம், டர்பன் பக்கத்து மாரியன்ஹில் டோல்கேட். பெல்ட் போட்டவர்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்களே, அந்தக் கூத்துதான். எனக்கு முன்னால் ஒரு டபுள் கேப் பக்கி (பின் சீட்டும் உள்ள பிக்கப் வண்டி). ஓட்டுகிறவர் பெல்ட்டைத் தோளுக்கு மேல் இழுத்தார், மாட்டவில்லை. நுனியை இடுப்பருகே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிச் சாக்லேட் வாங்கினார். கொடுத்த பெண் கை தட்டினாள். வண்டி நகர்ந்ததும் கையை விட்டார், பெல்ட் சரக்கென்று உள்ளே போய்விட்டது. பின் சீட்டில் நின்றுகொண்டிருந்த சின்னப் பையன் எல்லாவற்றையும் பார்த்தான். சாக்லேட் அவனுக்குத்தான் போனது.

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, ஒரு ஆளை வைத்துக் கூத்து என்று முடிக்காதீர்கள். நான் லாரி கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். பெல்ட்டோடு வெளியே போகிற டிரைவர் பெயரை கேட் செக்யூரிட்டி எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை குலுக்கல், பெயர் விழுந்தவருக்கு போன் ஏர்டைம். கேலி பண்ணியவர்களே கேட்டில் நிறுத்தி, "என் பேரை எழுதினியா?" என்று கத்தினார்கள். ஏர்டைம் நின்றதும் பாதிப் பேர் பழையபடி. மீதிப் பேர் விடவில்லை. ஒரு பெரியவர், "போடாட்டி இடுப்பு வெறிச்சுன்னு இருக்கும்மா" என்றார். 1980களில் அமெரிக்காவில், வர்ஜீனியாவில், ஸ்காட் கெல்லர் என்ற உளவியல் பேராசிரியர் செய்து பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். பரிசை நிறுத்தினால் எண்ணிக்கை இறங்கும், ஆனால் பெரும்பாலும் பழைய அடிமட்டத்துக்குப் போகாது.

மாரிட்ஸ்பர்க் மாமா:
அந்தப் "பாதிப் பேர்" தான் எனக்கு உதைக்கிறது. உயிர் போகிற விஷயத்தில் பாதி என்ன கணக்கு? என் மச்சானின் இன்சூரன்ஸ் ஆப் பிரேக், வளைவு, வேகம் எல்லாம் பார்த்து பெட்ரோல் பணம் திருப்பித் தருகிறது. பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை. அவன் பக்கிளில் வெறும் கிளிப்பைச் சொருகி பீப் சத்தத்தை அடக்கிவிட்டு, மாதாமாதம் பணம் வாங்குகிறான்.

அப்புறம் எல்லாரும் கேளுங்கள். கீழ் பட்டை இடுப்பு எலும்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. மேல் பட்டையை அக்குளுக்கு அடியில் விடாதீர்கள், விலா எலும்பு போகும். புடவை கசங்கும் என்று கோயிலுக்குப் போகும்போது பின் சீட்டில் போடாமல் இருக்கிறீர்களே, மோதினால் முன்னால் இருப்பவர் மேல்தான் வந்து விழுவீர்கள். பாட்டி மடி சைல்டு சீட் ஆகாது. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சைல்டு சீட் 2015 முதல் இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டம். ஏர்பேக் இருக்கிறதே என்று வாதம் வேண்டாம், அது பெல்ட் போட்டவருக்காகச் செய்தது.

சாட்ஸ்வர்த் பையன்:
மாமா, யார் கேட்டது இதெல்லாம்? மச்சானிடம் அந்தக் கிளிப்பை எறியச் சொன்னீர்களா?

மாரிட்ஸ்பர்க் மாமா:
சொன்னேன். பக்கத்து சீட்டுக்கும் ஒன்று வாங்கிவிட்டான்.